சோணைமுத்து விழுந்த கதை

“இந்த ஆட்டம் பொய்யாட்டம்,” என்றான் சோணைமுத்து.

கேம் கடைக்காரி ஆசான் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்த வாசல்ல செத்தீங்கண்ணே?”

“முதல் வாசல்.”

“யார் அடிச்சது?”

பக்கத்து நாற்காலிக்காரன் சொன்னான்:

“தேளு, ஆசான். சின்னத் தேளு.”

கடை இருந்த மாடியே சிரித்தது.

ஆசான் ஒரு கடலையை வாயில் போட்டாள்.

“போயிட்டு வாங்க,” என்றாள்.

அந்தக் கடையில் அது வழக்கம். திரையில் எவன் செத்தாலும் மற்றவர்கள் ‘போயிட்டு வா’ என்பார்கள், ஊருக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வது போல. சோணைமுத்து அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டான். காது சிவந்தது.

சோணைமுத்து யாரென்று சொல்லாமல் மேலே போக முடியாது.

சடுகுடுக்காரன். தெற்கே அவன் பாடிப் போகாத களம் கிடையாது. கோட்டைத் தாண்டினால் ஒருத்தனையாவது தொடாமல் திரும்பமாட்டான். மூச்சு அடங்கியிருக்கும், மீசை மட்டும் ஆடும். மீசையைப் பார்த்தே பாதிப் பேர் பின்வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவனும் மறுத்ததில்லை.

ஐம்பதைத் தாண்டியதும் முட்டி போயிற்று. களத்துப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்தான். குழம்பில் உப்பில்லை என்று சண்டை. உப்பு இருந்தால் ஏன் இருக்கிறது என்று சண்டை.

அப்போதுதான் டீக்கடையில் வாயைக் கொடுத்தான் மச்சான் பேச்சியப்பன். சோணைமுத்து சம்சாரத்தின் அண்ணன். ஒரே அணியில் பிடிகாரனாக ஆடியவன். முன்பல் ஒன்று கிடையாது. அந்த ஓட்டை வழியாகத்தான் சிரிப்பான்.

“மாப்ளே, கால் போனா என்ன, விரல் இருக்குல்ல? சலூன் மாடியில கேம் கடை வச்சிருக்கு ஒரு பொம்பள. ‘ஏழு வாசல்’னு ஒரு ஆட்டமாம். அதுல போய்ப் பாடு.”

“ஏன், முடியாதுங்கிறியா?”

“முதல் வாசலே தாண்டமாட்டே.”

“பங்குனிக் கொடி ஏறுறதுக்குள்ள ஏழையும் முடிக்கிறேன். முடிக்கலேன்னா இந்த மீசை எனக்கு வேண்டாம்.”

“முடிச்சிட்டேன்னா என் மீசையை எடுத்துக்க.”

டீக்கடையே கேட்டது. சலூன்காரர் சுந்தரமும் அங்கேதான் நின்றார். இரண்டு மீசைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு டீயை உறிஞ்சினார்.

வாக்கு போய்விட்டது. இனி திரும்பாது.

ஆட்டம் இதுதான். ஒரு வீரன். இடுப்பில் ஒரு துண்டு, கையில் ஒரு கம்பு. மண்ணுக்கு அடியில் ஏழு வாசல். வாசலுக்கு ஒரு காவல். வழியில் நாட்டுச் சாமிகள் மூவர் மூவராக நிற்பார்கள், ஆளுக்கு ஒரு வரத்தோடு. ஒருவர் காலில்தான் விழலாம். ஒரு வரம்தான் வாங்கலாம்.

செத்தால் எல்லாம் போகும். கம்போடு முதல் வாசலில் நிற்க வேண்டும். வழியும் மாறியிருக்கும்.

கடைக்காரியின் பெயர் மரியபுஷ்பம். நாற்பது வயது இருக்கும். ஏழு வாசலையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவாள் என்று சொல்வார்கள். பொய். அவளும் சாவாள். செத்துவிட்டுச் சிரிப்பாள். அதனால்தான் ஆசான் என்று பெயர் வந்தது.

சோணைமுத்து அவளை ஆசான் என்று கூப்பிடவில்லை. ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டான்.

“ஏம்மா, நேத்து கதவு இடது பக்கம் இருந்துச்சு.”

“ஆமா.”

“இன்னைக்கு வலது பக்கம் இருக்கு.”

“ஆமா.”

“அப்ப நேத்து நான் கத்துக்கிட்டது வீணா?”

ஆசான் எழுந்து வந்தாள். திரையை அணைத்தாள்.

“இப்ப என்ன பாத்தீங்க?”

“அணைச்சிட்டு கேட்டா?”

“அணைக்கிறதுக்கு முன்னாடி.”

“கதவைப் பாத்தேன்.”

“தேளு எங்க நின்னுச்சு?”

அவள் திரையைப் போட்டுவிட்டுக் கடலைக்குத் திரும்பினாள்.

அன்று முழுக்க அவன் கதவுப் பக்கம் போகவில்லை. தேள் முன்னால் நின்றான். கொட்டியது. செத்தான். மறுபடி நின்றான். கொட்டியது. எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். கடைசியில் கண்டுபிடித்தான். கொட்டுவதற்கு முன்னால் அது பின்னங்காலை ஒரு இழு இழுத்துக்கொள்ளும், பிடிகாரன் பாய்வதற்கு முன்னால் குதிகாலை ஊன்றுவது போல.

“அட, நாயே!” என்றான் தேளைப் பார்த்து. அதில் மரியாதை இருந்தது.

அப்புறம் தேள் அவனைத் தொட்டதில்லை.

வாசல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்றாம் வாசல் நாகத்தை அவன் சாய்த்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சோணைமுத்து மீசையைத் தொட்டுக்கொண்டான். முட்டி போன பிறகு அன்றுதான் முதல் தடவை.

வீட்டில் அன்று குழம்பைப் பற்றிப் பேச்சில்லை.

டீக்கடையில் பேச்சியப்பன் கேட்டான்: “எந்த வாசல் மாப்ளே?”

“அஞ்சு.”

“கொடிக்காப்பு கட்டப் போறாங்களாம். சுந்தரம் கத்தி தீட்டுறாரு.”

“உனக்குத்தான் தீட்டுறாரு.”

ஐந்து, ஆறு ஆயிற்று. ஆறு, ஏழாயிற்று.

ஏழாம் வாசலில் எருமைத்தலையன் நின்றான். பனை உயரம். கையில் உலக்கை. சோணைமுத்து சுற்றிச் சுற்றி அடித்தான். பாதி உயிர் போனதும் எருமைத்தலையன் உலக்கையை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் ஒரே போடு போட்டான். திரை முழுக்க அதிர்ந்தது.

வீரன் விழுந்தான்.

“போயிட்டு வா,” என்றது மாடி.

மறுநாளும் அதே போடு. அதற்கு மறுநாளும். முன்னால் நின்றாலும் விழுந்தான், பின்னால் ஓடினாலும் விழுந்தான்.

கொடி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆசான் அவன் ஆடுவதை அன்றுதான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள்.

முதல் வரத்துக்கு மூன்று சாமிகள் நின்றார்கள். அதில் கருப்பைப் பார்த்ததும் சோணைமுத்து மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றினான். பொத்தானை அழுத்தினான். வீரன் மண்டியிட்டான். கையிலிருந்த கம்பு அரிவாளாயிற்று.

அடுத்த வரத்துக்கும் கருப்புதான். கருப்பு நிற்காத இடத்தில் வரமே வாங்காமல் நடந்தான்.

“மத்த சாமிங்க வேண்டாமாண்ணே?”

“சோணைக்கருப்பு எங்க குலசாமிம்மா. என் பேரே அவர் பேரு. இன்னொரு சாமிகிட்ட கையேந்தினா என்ன நினைப்பாரு?”

“அந்த ஓரத்துல பேச்சி நிக்கிறாளே. விழுந்தா ஒருதடவை தூக்கி விடுவா.”

சோணைமுத்து முகத்தைத் திருப்பினான்.

பேச்சி அவன் மச்சான் வீட்டுக் குலசாமி. முன்பு ஒரு காதுகுத்தில் முதல் மாலை யாருக்கு என்று பேச்சி கோவில் வாசலில் பெரிய சண்டை. இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று கத்திவிட்டு வந்தவன், மிதிக்கவில்லை.

“விழறவனுக்குத்தானே அவ?” என்றான். “நான் விழமாட்டேன். தூக்கி விட்டு ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா?”

“சரி.”

“ஒனக்கு எந்தச் சாமிம்மா இதுல?”

ஆசான் கழுத்துச் செயினில் கிடந்த சிலுவையை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“எங்க ஆளு இதுல யாரும் இல்லண்ணே. அதனால யார் குடுத்தாலும் வாங்கிக்குவேன்.”

எருமைத்தலையன் உலக்கையைத் தூக்கினான். வீரன் விழுந்தான்.

சோணைமுத்து கன்ட்ரோலரை மேசையில் வைத்தான். வைத்தானா, எறிந்தானா என்பதில் கடைக்கு வருகிறவர்களுக்குள் இன்னும் அபிப்பிராய பேதம் உண்டு.

“சொல்லும்மா. அந்தப் போட்டுக்கு எப்படி விலகுறது?”

“விலக முடியாது.”

“யாராலயும்?”

“யாராலயும்.”

“அப்ப எப்படித்தான் ஜெயிக்கிறது?”

ஆசான் கையிலிருந்த தோலை ஊதினாள்.

“அண்ணே, எனக்கு சடுகுடு தெரியாது. நீங்க அவுட்டானா என்ன செய்வீங்க?”

“வெளிய போய் உக்காருவேன்.”

“ஆட்டம் முடியிற வரைக்குமா?”

“அது எப்படி? நம்மாளு எதிராளி ஒருத்தனைப் பிடிச்சா, நான் உள்ள வந்துடுவேன்.”

“யார் பிடிப்பா?”

சோணைமுத்து எழுந்து கீழே போனான். செருப்பை மேசைக்கு அடியிலேயே விட்டுவிட்டான்.

வீட்டில் சம்சாரம் ஆவுடை சோறு போட்டாள். பிசைந்துகொண்டே இருந்தான்.

“ஒங்கண்ணனுக்கு பல்லு எப்படிப் போச்சு?”

ஆவுடை கரண்டியை நிறுத்தினாள்.

“அதை நீங்களா கேக்குறீங்க?”

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

பல் எந்தக் களத்தில் போயிற்று என்று சோணைமுத்துவுக்குத் தெரியும். கோப்பை ஆட்டம். அவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருந்தான். எதிராளி பாடி வந்தான். பேச்சியப்பன் கணுக்காலைப் பிடித்தான். எதிராளி மறுகாலால் முகத்தில் மிதித்தான். விடவில்லை. இன்னொரு மிதி. விடவில்லை. எதிராளியின் மூச்சு அறுந்தது, அவுட். சோணைமுத்து உள்ளே வந்தான். போய்த் தொட்டான். கோப்பை.

ஊர்வலத்தில் தோளில் உட்கார்ந்து வந்தது யார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அப்புறம் அவன் கடைக்கு வரவில்லை. பயந்துவிட்டான் என்றார்கள். மீசைக்கு எண்ணெய் தடவி அழகு பார்க்கிறான், கடைசியாக, என்றார்கள்.

கொடி ஏறும் அன்று வந்தான்.

அந்தி சாய்ந்ததும் கொடி. கோவிலில் கொட்டு தொடங்கிவிட்டது. மாடியில் நிற்க இடமில்லை. பேச்சியப்பன் புதுவேட்டி கட்டி, மீசையை முறுக்கி, நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சுந்தரம் கீழே கடையைத் திறந்தே வைத்திருந்தார்.

சோணைமுத்து யாரையும் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

தேள் காலை இழுத்தது. விலகினான். வாசல் திறந்தது. பல்லி, நாகம், கல் யானை. கை தானாக ஓடியது. மாடி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஆறாம் வாசலுக்குப் பின்னால் மூன்று சாமிகள் நின்றார்கள். மாடன், கருப்பு, பேச்சி.

“ஏய், ஒங்காளு வந்துட்டாரு,” என்றான் பேச்சியப்பன். “செருப்பைக் கழட்டு மாப்ளே, சீக்கிரம்!”

சிரிப்பு.

சோணைமுத்து செருப்பைக் கழற்றினான்.

வீரனைக் கருப்பின் முன்னால் கொண்டு நிறுத்தினான். திரையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னான். யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு கருப்பைத் தாண்டி நடந்தான்.

பேச்சியின் முன்னால் நின்றான். பொத்தானை அழுத்தினான்.

வீரன் மண்டியிட்டான்.

சிரிப்பு நின்றது. பேச்சியப்பன் கை மீசையில் இருந்தது, அப்படியே இருந்தது.

ஏழாம் வாசல்.

சோணைமுத்து அவசரப்படவில்லை. எருமைத்தலையனைச் சுற்றி வந்தான். ஒரு வெட்டு, இரண்டடி பின்னால். ஒரு வெட்டு, மறுபடி விலகல். பாதி உயிர் போயிற்று. உலக்கை மேலே போனது.

அவன் ஓடவில்லை. அங்கேயே நின்றான்.

திரை அதிர்ந்தது. வீரன் குப்புற விழுந்தான்.

“போயிட்டு…” என்று யாரோ ஆரம்பித்தான்.

மண்ணிலிருந்து இரண்டு கைகள் வந்தன. வளையல் போட்ட பெரிய கைகள். வீரனை அக்குளில் பிடித்து, குழந்தையை எடுப்பது போல எடுத்து நிறுத்தின.

பேச்சியப்பன் கத்தினான். அது பழைய களத்துக் கத்தல். ஆளைப் பிடித்ததும், வாயில் மண்ணோடு, வெளியே உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துக் கத்துவது.

“உள்ள வாடா மாப்ளே!”

சோணைமுத்து உள்ளே போனான்.

எருமைத்தலையன் விழுந்தபோது மாடியின் தகரக்கூரை அதிர்ந்தது. கத்தியவர்களில் பேச்சியப்பன்தான் முதல். கத்தி முடித்த பிறகுதான் அவனுக்குத் தன் மீசை ஞாபகம் வந்தது.

வாசல் திறந்தது. வீரன் உள்ளே நடந்தான். அரிவாள் மறைந்தது. கையில் கம்பு. எதிரே தேள்.

சோணைமுத்து திரும்பினான்.

“என்ன ஆசான் இது? முடிஞ்சுதா இல்லையா?”

அவனே கவனிக்கவில்லை, எப்படிக் கூப்பிட்டான் என்று.

“எதுக்குக் கேக்குறீங்க? மீசைக்கா, ஆட்டத்துக்கா?”

“மீசைக்கு.”

“அது முடிஞ்சது.”

கீழே இறங்கினார்கள். பேச்சியப்பன் யாரும் சொல்லக் காத்திருக்கவில்லை. தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எடுப்பா,” என்றான். “வாக்கு வாக்குதான்.”

சுந்தரம் துண்டு கட்டினார். நுரை போட்டார். மீசை நுரைக்குள் போயிற்று. தெருவில் கூட்டம் எட்டிப் பார்த்தது. கோவிலில் கொட்டு உச்சத்துக்குப் போயிற்று.

சுந்தரம் கத்தியை எடுத்துக்கொண்டு சோணைமுத்துவைப் பார்த்தார். ஜெயித்தவன் சொல்ல வேண்டும்.

சோணைமுத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

“முதல்ல எனக்கு எடு.”

“யோவ் மாப்ளே,” என்றான் பேச்சியப்பன், நுரைக்குள்ளிருந்து. “ஜெயிச்சது நீய்யா.”

“தெரியும்.”

“ஊரே பாத்துச்சு.”

“பாத்துச்சுல்ல? நான் விழுந்ததையும்தான் பாத்துச்சு. எடுப்பா சுந்தரம்.”

சுந்தரத்துக்குக் கை வரவில்லை. தெற்கே பேர் பெற்ற மீசை. எடுத்தவன் என்ற பெயர் தனக்கு வேண்டுமா என்று யோசித்திருப்பார். கடலைப் பொட்டலத்தோடு வாசலில் நின்ற ஆசானைப் பார்த்தார்.

“என்னம்மா செய்ய?”

சோணைமுத்து கண்ணாடி முன்னால் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

“நல்லா வழிங்க,” என்றாள் ஆசான். “முகம் தெரியட்டும்.”